கணினி எந்த இடத்தில் வாய் மூடுகிறது? பார்வையற்றவர் லினக்ஸ் தெரிவு செய்யும்போது பார்க்க வேண்டியது

போன மாரியில் ஒரு நாள் இரவு, மழை கூரையில் கொட்டிக்கொண்டிருந்த நேரம், மூதூரில் இருந்து ஒரு தம்பி போன் எடுத்தார். என்னைப் போலவே முழுதாகப் பார்வை இல்லாதவர், ஏ.எல். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருப்பவர். "அண்ணா, லப்டொப்புக்கு லினக்ஸ் போட்டுத் தந்தாங்க. வீட்ட கொண்டுவந்து ஒன் பண்ணினா ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குது. ஒண்டும் கதைக்குதில்ல."

டவுனில் ஒரு கடையில் பழைய லப்டொப் வாங்கியிருக்கிறார். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 அந்த மெஷினில் ஏறாது, அதனால் கடைக்காரர் நல்ல மனதோடுதான் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருக்கிறார், பார்க்க வடிவாக இருக்கிற ஒன்றாகத் தேடியே போட்டிருக்கிறார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருளை எழுப்புவதற்கு ஆல்ட், விண்டோஸ், எஸ் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். அழுத்தினார். மழைச் சத்தத்துக்குள்ளே இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். ஒன்றும் வரவில்லை.

அந்த இரவில் அவருக்குப் போனில் சொன்னதையும், பிறகு அவர் பஸ் ஏறி உப்புவெளிக்கு வந்தபோது பக்கத்தில் இருந்து செய்ததையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கம்பியூட்டர் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாதவருக்கும் விளங்க வேண்டும் என்பது என் ஆசை.

"எந்த லினக்ஸ் நல்லது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். பார்வை உள்ளவருக்கு அது சரியான கேள்வியாக இருக்கலாம். நமக்கு வேறு கேள்வி. பவர் பட்டனை அழுத்தியதில் இருந்து வேலை முடித்து மூடும் வரைக்கும் இந்த மெஷின் எந்தெந்த இடத்தில் வாய் மூடுகிறது, எவ்வளவு நேரம் மூடுகிறது, அந்த நேரத்தில் எனக்குப் பக்கத்தில் யார் இருப்பார்? இதைக் கேட்டுத் தெரிவு செய்தால் பெயர் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். லினக்ஸ் என்பது உண்மையில் இயங்குதளத்தின் உள்ளே இருக்கும் கரு மட்டும்தான், 1991ல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. அந்தக் கருவோடு மற்ற மென்பொருட்களைச் சேர்த்துப் பொட்டலமாகக் கட்டித் தருவதைத்தான் டிஸ்ட்ரோ என்கிறோம்: டெபியன், உபுண்டு, ஃபெடோரா, மின்ட் என்று நூற்றுக்கணக்கில். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் மாதிரிதான், எந்தக் கடையில் கட்டினாலும் சோறு ஒன்று, கறிதான் வேறு. அந்தக் கறிகளில் நமக்கு முக்கியமானது டெஸ்க்டொப் சூழல், அதாவது மெனு, ஜன்னல்கள், ஃபைல் அடுக்கும் இடம் எல்லாவற்றையும் தருகிற பகுதி. க்னோம், மாட்டே, கேடிஇ, எக்ஸ்எஃப்சிஇ, சினமன் என்பவை அதன் வகைகள். ஒரே டிஸ்ட்ரோவில் வேறு வேறு டெஸ்க்டொப் போடலாம். நம் காதுக்கு வித்தியாசம் தெரிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், டிஸ்ட்ரோவின் பெயரில் அல்ல.

அடுத்தது திரைவாசிப்பான். இது திரையைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறது என்று பலர் நினைக்கிறார்கள், பார்வை இல்லாதவர்களே சிலர் அப்படி நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. நிலாவெளி பஸ்ஸில் ஏறினால் கொண்டக்டர் கூப்பிட்டுக்கொண்டு வருவார்: உப்புவெளி, அலஸ்தோட்டம், சாம்பல்தீவு. அவர் கூப்பிடுவதை வைத்துத்தான் நான் இறங்குகிறேன். திரைவாசிப்பான் அந்தக் கொண்டக்டர். ஆனால் இடத்துக்குப் பெயர் இருந்தால்தானே அவர் கூப்பிட முடியும்? ஒவ்வொரு மென்பொருளும் "நான் ஒரு பட்டன், என் பெயர் சேமி", "நான் ஒரு பெட்டி, எனக்குள்ளே எழுதலாம்" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதைக் கேட்டுத்தான் திரைவாசிப்பான் நமக்குச் சொல்கிறது. லினக்ஸில் இந்தச் சேதியைக் கொண்டுபோகும் பாதைக்கு ஏடி-எஸ்பிஐ என்று பெயர். மென்பொருளை எழுதினவர் பெயர் வைக்க மறந்திருந்தால் வெறும் "பட்டன்", "பட்டன்", "பட்டன்" என்று மட்டும் கேட்கும். அதை எந்தத் திரைவாசிப்பானாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. தம்பியின் லப்டொப் வாய் மூடியிருந்ததற்குக் காரணம் இன்னும் சிம்பிள்: அந்தப் பஸ்ஸில் கொண்டக்டரே இல்லை, அதைக் கட்டியவர்கள் திரைவாசிப்பானையே சேர்த்திருக்கவில்லை.

லினக்ஸ் டெஸ்க்டொப்பில் அந்த வேலையைச் செய்வது ஓர்கா. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் தொடங்கி, 2006ல் க்னோமோடு சேர்ந்து வெளிவந்தது. அதன் முதல் வடிவத்தை எழுதிய மார்க் மல்காஹி பார்வையற்றவர். 2010ல் சன் நிறுவனத்தை ஒரேக்கிள் வாங்கியது, ஓர்காவில் வேலை செய்தவர்கள் வேலை இழந்தார்கள். காசு கொடுத்து வாங்கும் மூடிய மென்பொருளாக இருந்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். ஓர்காவின் மூலநிரல் எல்லோர் கையிலும் இருந்ததால் ஜோன்மேரி டிக்ஸ் என்பவர் அதைக் கையில் எடுத்து ஆண்டுக்கணக்காகக் கொண்டுவந்தார். திறமூலம் என்றால் இலவசம் என்று மட்டும் நினைக்கிறவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். நம்முடைய கண்ணாக இருக்கிற ஒன்றை ஒரு கம்பனி கைமாறுவதோடு யாரும் பிடுங்கிக்கொண்டு போக முடியாது, எனக்கு அதுதான் பெரிது.

ஓர்கா சொல்ல வேண்டியதைத் தீர்மானிக்கும், சத்தமாக மாற்றுவது வேறொன்று. பெரும்பாலும் ஈஸ்பீக் என்ஜி. நூற்றுக்கு மேற்பட்ட மொழிகள் அதில் இருக்கின்றன, தமிழும் இருக்கிறது, சிங்களமும் இருக்கிறது. நம் ஊரில் மூன்று மொழியிலும் கடிதம் வரும் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை. குரல் இயந்திரக் குரல்தான், மனிதர் பேசிப் பதிந்ததை ஒட்டாமல் பெரும்பாலும் கணக்குப் போட்டே ஒலியை உண்டாக்குகிறது. முதல் நாள் கேட்டால் தகரத்தில் கல் விழுகிற மாதிரி இருக்கும், வீட்டுக்கு வருகிறவர்கள் "இதை எப்படிக் கேட்டுக்கொண்டிருக்கிறாய்" என்பார்கள். ஆனால் விசையை அழுத்திய கணமே கதைக்கும், பழைய மெஷினையும் இழுக்காது, வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் சொல் சிதையாது. ஒரு கிழமை பொறுத்தால் காது பழகிவிடும். தமிழ்க் குரலை வைத்துக்கொண்டால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்களை ஆங்கில உச்சரிப்பிலேயே வாசிக்கும். விண்டோஸில் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் பாவித்தவர்களுக்கு இந்தக் குரல் ஏற்கெனவே தெரிந்த குரல், அதிலும் இதுதான் உள்ளே இருக்கிறது.

என்விடிஏ என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். லினக்ஸுக்கு மாறினால்தான் திறமூலப் பக்கம் வந்ததாக அர்த்தம் என்று இல்லை. என்விடிஏயும் திறமூலம்தான், மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற அவுஸ்திரேலியர் 2006ல் தொடங்கியது, பிறகு ஜேம்ஸ் டே என்ற இன்னொரு பார்வையற்றவரும் சேர்ந்துகொண்டார். வேலை இடத்தில் விண்டோஸ்தான், அங்கே ஓடுகிற மென்பொருள் லினக்ஸில் இல்லை என்றால், விண்டோஸிலேயே என்விடிஏ, லிப்ரே ஒஃபிஸ், ஃபயர்ஃபொக்ஸ் மூன்றையும் போட்டுக்கொண்டு நிம்மதியாக இருங்கள். அதையும் நான் முழு மனதோடுதான் சொல்கிறேன். மெஷின் பழையது, விண்டோஸ் 11 ஏறாது, அல்லது உங்கள் கணினி உங்கள் கையில்தான் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இருக்கிறது என்றால் மேலே வாசியுங்கள்.

சரி, வாய் மூடும் இடங்களுக்கு வருவோம்.

முதலாவது, பவர் பட்டன் அழுத்தியவுடன் வரும் பயோஸ். எந்த டிஸ்ட்ரோ போட்டாலும் சாதாரண லப்டொப்பில் இந்த இடம் கதைக்காது, ஏனென்றால் அங்கே இயங்குதளமே இன்னும் வரவில்லை. பென் டிரைவில் இருந்து தொடங்கு என்று சொல்வதற்கு ஒரு தடவை பார்வை உள்ள ஒருவர் வேண்டும். வீட்டில் ஒருவரும் இல்லை என்றால் பீ மை ஐஸ் செயலியில் வீடியோ அழைப்பு எடுத்துப் போனைத் திரைக்கு நேரே பிடிக்கலாம், எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் வாசித்துச் சொல்வார். பல லினக்ஸ்களை ஒரே பென் டிரைவில் போட்டுத் தரும் வென்டோய் மாதிரியானவற்றை நாம் தவிர்க்க வேண்டும். அதன் மெனு கதைக்காது, ஏற்கெனவே இருக்கும் மௌனத்தோடு இன்னொரு மௌனத்தைச் சேர்த்தது போலாகும். ஒரு பென் டிரைவ், ஒரு லினக்ஸ்.

இரண்டாவது, இன்ஸ்டோல் செய்யும் நேரம். இங்கேதான் டெபியனை எனக்கு அவ்வளவு பிடிக்கும். 2013ல் வந்த டெபியன் 7ல் இருந்தே அதன் நிறுவி, அதாவது இன்ஸ்டோல் செய்கிற மென்பொருள், கதைக்கிறது. தொடக்கத்தில் வருகிற பூட் மெனு வந்ததும் பீப் அடிக்கும், பழைய பயோஸ் என்றால் ஒரு பீப், புதிய யூஇஎஃப்ஐ என்றால் இரண்டு. உடனே எஸ் எழுத்தை அழுத்தி என்டர் தட்ட வேண்டும். கொஞ்ச நேரத்தில் குரல் வரும். ஒன்றுக்கு மேற்பட்ட சவுண்ட் கார்ட் இருந்தால் ஒவ்வொன்றிலும் மாறி மாறிக் கதைத்து, உங்களுக்குக் கேட்கிற இடத்தில் என்டர் தட்டச் சொல்லும். இதை யோசித்துச் செய்தவர்களுக்கு நான் எங்கே இருந்தாலும் கும்பிடு போடுவேன். அதன் பிறகு எல்லாக் கேள்வியும் இலக்கம் போட்டு வாசிக்கப்படும், இலக்கத்தை அடித்து என்டர் தட்டிக்கொண்டே போக வேண்டியதுதான். மொழி எது, நாடு எது, வைஃபை கடவுச்சொல் என்ன, கடைசியில் டெஸ்க்டொப் எது. ரூட் என்ற நிர்வாகக் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்கும் இடத்தை வெறுமையாக விட்டுவிட்டால் உங்கள் சொந்தக் கணக்குக்கே நிர்வாக அதிகாரம் கிடைத்துவிடும், புதிதாக வருகிறவர்களுக்கு அது லேசு.

முன்பு டெபியனில் ஒரு குறை இருந்தது. சில லப்டொப்களில் வைஃபையும் சவுண்டும் வேலை செய்வதற்குத் தேவையான ஃபேம்வெயர், அதாவது அந்தப் பாகங்களை இயக்குகிற சின்ன மென்பொருள், நிறுவியோடு வராது. பார்வை உள்ளவருக்குச் சத்தம் இல்லாவிட்டால் பாட்டு மட்டும்தான் இல்லை. நமக்குச் சத்தம் இல்லாவிட்டால் திரையே இல்லை. 2023ல் வந்த டெபியன் 12ல் இருந்து அந்த ஃபேம்வெயர் அதிகாரபூர்வ நிறுவியிலேயே சேர்ந்து வருகிறது. அதனால்தான் இப்போது துணிந்து ஆரம்பத்திலேயே டெபியனைச் சொல்கிறேன், ஐந்து வருடத்துக்கு முன்பு கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். நெட் இன்ஸ்டோல் ஃபைல் ஒரு ஜிபிக்கும் குறைவு, மிச்சத்தைப் பிறகு இணையத்தில் எடுக்கும். உபுண்டு 24.04 என்றால் ஏறத்தாழ 6 ஜிபியை முதலிலேயே இறக்க வேண்டும், போன் டேட்டாவில் வாழ்கிறவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஆனாலும் உபுண்டு, ஃபெடோரா போன்றவற்றில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, இன்ஸ்டோல் பண்ணாமலேயே பென் டிரைவில் இருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஒன்றும் அழியாது. டெஸ்க்டொப் வந்துவிட்டதென்று தோன்றும் அளவுக்குக் கொஞ்சம் பொறுத்து, ஆல்ட், விண்டோஸ், எஸ் மூன்றையும் அழுத்தினால் ஓர்கா கதைக்கத் தொடங்கும். அரை மணித்தியாலம் பாவியுங்கள். ஹெட்போனில் சத்தம் வருகிறதா, வைஃபை பிடிக்கிறதா, மெனுவைத் திறந்தால் பெயர்களை வாசிக்கிறதா, ஃபயர்ஃபொக்ஸில் எச் விசையால் தலைப்புத் தலைப்பாகவும் கே விசையால் இணைப்பு இணைப்பாகவும் தாவ முடிகிறதா என்று பாருங்கள், இந்த விசைகள் என்விடிஏயிலும் அப்படியேதான். இன்சர்ட்டோடு ஸ்பேஸ் அழுத்தினால் ஓர்காவின் அமைப்புகள் திறக்கும், குரலைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். லப்டொப்பில் இன்சர்ட் விசை எங்கோ மூலையில் ஒளிந்திருந்தால் அமைப்பில் லப்டொப் முறையைத் தெரிவு செய்து கெப்ஸ் லொக்கை அதற்குப் பதிலாகப் பாவிக்கலாம். மற்றவர்கள் எழுதின நூறு விமர்சனத்தை வாசிப்பதை விட உங்கள் மெஷினில் இந்த அரை மணித்தியாலம் மேல்.

மூன்றாவது இடம், தினமும் பாவிக்கிற டெஸ்க்டொப். என் தீர்ப்பு நேரடியாகச் சொன்னால், ஆரம்பிக்கிறவர் க்னோம் அல்லது மாட்டே இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். மாட்டே 2011ல் பழைய க்னோம் 2ல் இருந்து பிரிந்தது, அதன் மெனு விண்டோஸின் பழைய மெனு மாதிரி வரிசையாகப் போகும், நாலு ஜிபி ரேம் உள்ள மெஷினிலும் மூச்சு வாங்காது. க்னோம் கொஞ்சம் கனம், ஆனால் புதிய வேலை எல்லாம் முதலில் அங்கேதான் நடக்கிறது. இடையில் வேலண்ட் என்ற புதிய காட்சி முறைக்கு மாறியபோது ஓர்காவின் விசைகள் சரியாகப் பிடிபடாத தொல்லை இருந்தது. 2025 மார்ச்சில் வந்த க்னோம் 48ல் அதற்கு நல்ல தீர்வு வந்தது, டெபியன் 13ல் இருப்பது அந்த 48தான். எக்ஸ்எஃப்சிஇயைக் கையால் கொஞ்சம் சரிசெய்தால் ஓடும், கேடிஇ முன்னேறிக்கொண்டிருக்கிறது, சினமனில் எனக்கு அடிக்கடி இருட்டு மூலைகள் வந்தன. அவற்றைப் பழகின பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பார்வையற்றவர்களுக்கென்றே கட்டிய டிஸ்ட்ரோக்களும் உண்டு. கேரளத்தில் உருவான அக்ஸஸிபிள் கோக்கனட் உபுண்டு மாட்டேயை அடிப்படையாகக் கொண்டது, ஸ்லின்ட் என்பது ஸ்லாக்வெயர் என்ற இன்னொரு டிஸ்ட்ரோவின் வழியில் வந்தது. போட்டவுடனேயே கதைக்கும், நமக்கு வேண்டியவை உள்ளேயே இருக்கும், அந்த அன்பு தெரியும். ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும்: ஒருவரோ இரண்டு பேரோ சுமக்கிற வேலை அவர்கள் களைத்தால் நின்றுவிடும். வினக்ஸ், சோனார் என்று முன்பு இருந்த இரண்டும் இன்று இல்லை. டெபியன் அப்படி ஒருவரை நம்பி இல்லை, ஒவ்வொரு பதிப்புக்கும் மொத்தம் ஐந்து வருட ஆதரவு இருக்கிறது. எல்லோரும் பாவிக்கிற ஒன்றுக்குள்ளேயே நமக்கும் ஒரு கதவு இருந்தால் அந்தக் கதவு வழியாகப் போவதைத்தான் நான் விரும்புகிறேன்.

நாலாவது இடத்தை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்தது ஒரு அப்டேட்டுக்குப் பிறகு வாய் மூடிக்கொள்ளும். எனக்கும் நடந்திருக்கிறது, ஒரு காலை முழுக்க ஒரு கடிதத்தை அனுப்ப முடியாமல் இருந்தேன். இதற்கு லினக்ஸில் ஒரு பின்வாசல் இருக்கிறது. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தினால் டெஸ்க்டொப்பை விட்டு வெறும் எழுத்து மட்டும் இருக்கிற கொன்சோலுக்குப் போகலாம். அங்கே ஓர்கா வராது, ஸ்பீக்கப் என்ற வேறொரு திரைவாசிப்பான் கதைக்கும். டெபியனைக் குரல் வழியாக இன்ஸ்டோல் செய்திருந்தால் இது தானாகவே தயாராக இருக்கும். அங்கே நின்று கட்டளை அடித்துப் பிழையைத் திருத்தலாம். கட்டளை என்றதும் பயப்படாதீர்கள், நமக்கு அது வரம். "மேலே இடது பக்கம் நீல நிறத்தில் ஒன்று இருக்கும், அதை அமத்து" என்று ஒருவர் போனில் சொன்னால் நான் என்ன செய்வேன்? ஒரு வரி கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னால் நான் அப்படியே அடிப்பேன், சொன்னவருக்கும் எனக்கும் திரை ஒன்றுதான்.

தமிழில் வேலை செய்கிறவர்களுக்கு இன்னொரு மௌனம் இருக்கிறது, அதற்கு லினக்ஸ் பொறுப்பில்லை. நம் நாட்டில் எத்தனையோ கடிதங்கள், வினாத்தாள்கள், நோட்ஸ் இன்னும் பாமினி எழுத்துருவில் வருகின்றன. பாமினியில் எழுதிய "தமிழ்" என்ற சொல் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு அது வெறும் ஆங்கில எழுத்து. ஓர்கா அதை ஜே, கே, பி, ஓ, செமிகோலன் என்றுதான் வாசிக்கும். தம்பி ஒரு விண்ணப்பப் படிவத்தைத் திறந்துவிட்டுக் குரல் பழுதாகிவிட்டதென்று நினைத்துவிட்டார். குரலில் பழுதில்லை, அந்தப் பந்தியைக் கொப்பி பண்ணி யூனிகோடுக்கு, அதாவது கணினிக்கும் தமிழாகவே தெரிகிற முறைக்கு, மாற்றும் கருவி ஒன்றில் போட்டால் வாசிக்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் டெசரெக்ட் என்ற திறமூல எழுத்துணரி தமிழையும் அறியும், தெளிவான அச்சாக இருந்தால் நன்றாகவே எடுத்துத் தரும். நாம் எழுதுவதற்கு, இலங்கைத் தமிழ் யூனிகோட் கீபோர்ட் லினக்ஸிலேயே இருக்கிறது, அமைப்பில் சேர்த்தால் போதும்.

தம்பி கிண்ணியா வழியாகப் பஸ் பிடித்து வந்தார். லப்டொப்பை மேசையில் வைத்து ஹெட்போனைக் கழற்றிவிட்டோம், இரண்டு பேருக்கும் கேட்க வேண்டுமே. பென் டிரைவில் இருந்து தொடங்க வைப்பதற்கு மட்டும் பக்கத்து வீட்டு அக்கா வந்து திரையைப் பார்த்துச் சொன்னார், சொல்லிவிட்டு அடுப்பில் பால் வைத்த நினைவு வந்து ஓடிவிட்டார். பீப் இரண்டு தரம் கேட்டது. அவரே எஸ் அழுத்தி என்டர் தட்டினார். அதற்குப் பிறகு நான் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன், எல்லாக் கேள்விக்கும் அவரேதான் இலக்கம் அடித்தார். மாட்டே போட்டோம். இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போனது, இணையம் மெதுவாக இருந்ததால்.

என்னிடம் இரண்டு பென் டிரைவ் இருக்கிறது, டெபியன் உள்ளதில் ரப்பர் பாண்ட் ஒன்றை இறுக்கிச் சுற்றி வைத்திருப்பேன், விரலுக்குத் தெரிய. போகும்போது அதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அவருடைய ஊரில் இன்னொருவருக்கும் போட வேண்டுமாம்.